பதினேழாம் நம்பர் டோக்கன்

ஆரோக்கியமேரியைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவள் ரயில்வே ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவள்; அப்படிப்பட்டவர்களைப் பற்றி யார் மெனக்கெடுகிறார்கள்? படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். நான் என்னைத் திட்டிக்கொண்டதில் பாதிகூட உங்களுக்கு வராது.

1947-ல் நாங்கள் இருவரும் சிக்கந்தராபாத்தில், மாரெட்பள்ளிப் பெண்கள் பள்ளி ஒன்றில் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். இருவரின் அப்பாக்களுக்கும் ரயில்வே பட்டறையில் வேலை. என் அப்பா சிவஞானம் ஸ்டோர் குமாஸ்தா. அவளுடைய அப்பா தேவசகாயம் பாய்லர் ஃபிட்டர். அவர்கள் குடும்பம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. அவள் நல்ல உயரம். கைகள் ஆம்பிளைக் கைகள் மாதிரிப் பெரிதாக இருக்கும். சிரித்தால் ஈறு தெரியும். அதற்காக அவள் சிரிப்பைக் குறைத்துக்கொண்டதே இல்லை.

நானோ பயந்தாங்கொள்ளி. ஊசி போடும் டாக்டரைத் தெருவில் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். போதாக்குறைக்கு அந்த வருஷம் ஊரே பயந்துகிடந்தது. ஆகஸ்டில் சுற்றிலும் சுதந்திரம் வந்துவிட்டது; நிஜாம் ராஜ்யம் மட்டும் தனியாக நின்றது. நிஜாமுக்கு ஆதரவான ஆயுதக் கும்பல், ரஜாக்கர்கள், வருகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு, இந்தியப் பட்டாளம் வருகிறது என்று மறுநாள் பேச்சு. எது வந்தாலும் கதவைத் தாழ்போட வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரைவிட்டு மதராஸுக்குப் போய்விட்டால் போதும் என்று எனக்கு ஒரே வெறி. வீட்டில் செலவு செய்து அனுப்ப வழியில்லை. ஆனால் மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரி, நிஜாம் ராஜ்யத்து ரயில்வேக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு விடுதியில் இலவச இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒருத்திக்கு. ஒரே ஓர் இடம்.

விண்ணப்பத் தாளைத் தலைமையாசிரியை, எங்கள் பெரிய மிஸ், வகுப்பில் உரக்கப் படித்தார். மார்க்கு எல்லாம் சரி, கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. படிப்பைத் தவிர பள்ளியில் என்ன செய்தாய்? எத்தனை நாள் செய்தாய்? சான்று எங்கே?

 படிப்பைத் தவிர நான் எதையும் செய்ததில்லை. அன்று மதியமே என் சிநேகிதி கனகத்தோடு உட்கார்ந்து யோசித்தேன். கனகம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பேச்சில் எல்லா பாஷையும் கலந்து கிடக்கும்.

"நெட்பால் ஆடறியா வேதா?" என்றாள்.

"பந்து மூஞ்சியில பட்டா?"

"டிபேட்ல சேரு."

"நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு முழங்கால் ஆடும்டி."

"பாட்டு?"

கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். என் குரலை அவள் கேட்டிருக்கிறாள்.

"அப்போ ஃபர்ஸ்ட் எய்டு. புதனும் சனியும் உக்காந்து துணி சுத்தணும், அவ்ளோதான். நானும் இருக்கேன். முப்பது நாள் வந்தா சான்று கொடுக்கறாங்க."

அப்படித்தான் நான் முதலுதவி வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். ரத்தம் பார்த்தால் மயக்கம் போடுகிறவள், ரத்தத்தை நிறுத்தும் வகுப்புக்குப் போனேன். கேட்டால் சிரிப்பார்கள். அங்கே மயக்கம் வர வாய்ப்பே இல்லை என்பதுதான் என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன அடிபடப்போகிறது?

ஆரோக்கியமேரி அந்த வகுப்பின் தலைவி. ரயில்வே கம்பவுண்டர் ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து சொல்லிக்கொடுப்பார். மற்ற நாட்களில் எல்லாம் அவள்தான். ரெண்டு வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று பெண்கள் கேலி செய்வார்கள். பெரிய மிஸ் படித்த அன்று அவள் லீவு; விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி இருப்பதே நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "அட, இதைக்கூடவா எழுதச் சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்குப் போட்டியாக இருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்; அதுகூடத் தெரியாமல் நிற்கிறாளே என்று.

வகுப்பில் அவள் வைத்திருந்த ஏற்பாடு பட்டறை ஏற்பாடு. தேவசகாயம் மாமா பித்தளைத் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டி, நம்பர் அடித்து, நாற்பது டோக்கன் செய்து கொடுத்திருந்தார். வராந்தாவில் ஒரு பலகை, பலகையில் ஆணிகள். வந்ததும் உன் டோக்கனை மாட்ட வேண்டும். போகும்போது கழற்றி டப்பாவில் போட வேண்டும். என் நம்பர் பதினேழு. தொங்குகிற டோக்கனைப் பார்த்துத்தான் அவள் ஆஜர் எழுதுவாள்.

இதில் அவள் விளையாட்டே வைத்துக்கொள்ள மாட்டாள். அதற்கும் காரணம் இருந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தெற்கே வேறொரு பட்டறையில் கூரை சரிந்து விழுந்ததாம். எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்துக் கிளம்பும்போது ஒருவர் பலகையைப் பார்த்திருக்கிறார். ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. அது தேவசகாயம் மாமாவுடையது. திரும்பப் போய்த் தோண்டி ஆளை எடுத்தார்கள். "டோக்கன் தொங்குச்சுன்னா ஆள் உள்ள இருக்கு. எடுக்காம வரக்கூடாது" என்று அவள் எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

ஆனால் பட்டறையில் இன்னொரு பழக்கமும் உண்டு. சங்கு ஊதிவிட்டது, கூட்டாளி இன்னும் வரவில்லை என்றால் அவன் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மாட்டாதவனைத்தான் மனுஷனா என்று கேட்பார்கள். நாங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே? ஒரு தடவை எனக்குத் தலைவலி, கனகம் மாட்டினாள். அப்புறம் தலைவலி இல்லாமலேயே மாட்டினாள். நாற்பது பெண்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் சிதறி உட்கார்ந்திருக்கும்போது யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஆரோக்கியமேரிக்கு எப்படித் தெரியும்? அவள் டோக்கனை நம்பினாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. என் பெயரில் முப்பத்தைந்து ஆஜர் இருந்தது. உண்மையில் நான் போனது பதினைந்து இருக்குமோ என்னவோ. அன்றைக்கும் போகவில்லை. காலையிலிருந்தே ஊர் சரியில்லை. பால்காரன் வரவில்லை. மூன்று மணி வாக்கில் கடைகளை மூடுகிற சத்தம் தெரு நெடுகக் கேட்டது. சந்தையில் கத்திக்குத்து என்றார்கள், இல்லை துப்பாக்கி என்றார்கள். அப்பா பட்டறையிலிருந்து திரும்பவில்லை. அம்மா கதவைத் தாழ்போட்டு, அதற்கு முட்டாக அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, மிளகாய்ப்பொடி டப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள். விளக்கு ஏற்றவில்லை.  தெருவில் யாரோ ஓடும் சத்தம் கேட்கும், நின்றுவிடும். ஓடுகிற சத்தத்தைவிட அது நிற்பதுதான் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். கலவரம் என்றதும் பெரிய மிஸ் பெண்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கனகம் பயத்தில் தன் டோக்கனைக் கழற்றி வீசிவிட்டு ஓடியிருக்கிறாள். அன்றும் எனக்காக மாட்டியிருந்த என் டோக்கனை மறந்துவிட்டாள். எல்லாரும் போன பிறகு ஆரோக்கியமேரி பலகையைப் பார்த்தாள். பதினேழு தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்புகளில் தேடினாள். கக்கூஸில் தேடினாள். கிணற்றை எட்டிப் பார்த்தாளாம். பெரிய மிஸ் அவளைப் பியூனோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். பியூன் முக்கால்வாசி தூரம் வந்ததும் இவள் வேறு சந்தில் திரும்பிவிட்டாள். என்னைத் தேடி.

இருட்டத் தொடங்குகிற நேரம். எங்கள் கதவு தட்டப்பட்டது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தட்டினார்கள். 

"அம்மா, நான்தாம்மா, ஆரோக்கியம். வேதா வந்துட்டாளா?"

அம்மாவுக்கு உயிர் வந்தது. "ஐயோ, நம்ம ஃபிட்டர் வீட்டுப் பொண்ணு!" என்று எழுந்து, கல்லை நகர்த்தக் குனிந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

இங்கே நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். எனக்கு அப்போது ரஜாக்கர் பயம் இல்லை, கத்திப் பயம் இல்லை. கதவைத் திறந்தால் அவள் என்னைப் பார்ப்பாள். வீட்டுப் பாவாடையில், தலையில் எண்ணெய் வழிய நிற்கிறேன். அன்றைய ஆஜர் போகும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பாள். முப்பத்தைந்தும் போகும். மதராஸ் போகும். அந்த ஒரு நிமிஷத்தில் இதெல்லாம் எனக்குக் கணக்காக ஓடியது. பாவி, அவள் நடுத்தெருவில் தனியாக நிற்கிறாள் என்பது மட்டும் ஓடவில்லை.

"திறக்காதே" என்று அம்மா காதில் சொன்னேன். "பின்னாடி யார் நிக்கிறாங்களோ. கழுத்துல கத்திய வச்சுக் கூப்பிடச் சொல்லியிருப்பாங்க."

அம்மா அப்படியே உறைந்துபோனாள். கையில் இருந்த டப்பா சரிந்து மிளகாய்ப்பொடி கொட்டியது. நெடி ஏறி எனக்கு இருமல் வந்தது. அம்மாவின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்படியும் ஓர் இருமல் தப்பிவிட்டது.

வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு காலடி போகிற சத்தம். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வீடு போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில்.

திங்கட்கிழமை பள்ளியில் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது லெவல் கிராசிங் அருகே ஒரு ஜட்கா குடைசாய்ந்து கிடந்ததாம். வண்டிக்காரரின் தொடையில் கத்திக் காயம், ரத்தம் குபுகுபுவென்று வந்ததாம். அவர், "நக்கோ பேட்டி, வேணாம் மகளே, ஓடிப்போ, ஓடிப்போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். இவள் தாவணியைக் கிழித்து மடித்து, காயத்தில் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிராசிங் கேட்டுக்காரர் இருவரையும் தன் குடிசைக்குள் இழுத்துப் போட்டார். விடியும்வரை இவள் கையை எடுக்கவில்லை. காலையில் ரோந்து லாரி வந்து அவரை ஏற்றிப்போனது.

"பயமா இல்லையாடி உனக்கு?"

"பயமா? ஒண்ணுக்குப் போயிட்டேன் வேதா, உண்மையைச் சொல்றேன்" என்று சொல்லிச் சிரித்தாள். உடனே குரலை இறக்கினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே. பெரிய மிஸ் பேச்சை மீறிப் போனேன்னு தெரிஞ்சா வகுப்பை என்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

பிறகு கேட்டாள். "நீ எங்க இருந்தே அன்னைக்கு?"

"கனகம் வீட்டுல. டோக்கனைக் கழட்ட மறந்துட்டேன்."

"ஹவ்" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆமாம் என்பதற்குச் சொல்வது. வேறொன்றும் கேட்கவில்லை. நோட்டில் எனக்கு முப்பத்தாறாவது ஆஜர் எழுதினாள்.

ஜூன் மாதம் இருவருக்கும் மதராஸிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அப்பாவின் ரயில்வே பாஸில் நான், அவள் அப்பாவின் பாஸில் அவள். துணைக்கு என் அப்பா. எல்லை தாண்டும் வரை பெட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. சோதனைக்காரர்கள் ஏறி ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்தார்கள். நான் ஆரோக்கியமேரியின் பெரிய கையைப் பிடித்துக்கொண்டே போனேன். பிடித்துக்கொள்ள வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

கல்லூரியில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இரண்டு அம்மாள்கள். ஒருவர் என் சான்றிதழைப் பார்த்து, "முப்பத்தாறு வகுப்பு! நல்லது. யாருக்காவது உதவியிருக்கிறாயா? ஒன்றைச் சொல்" என்றார்.

 யாருக்கு உதவியிருக்கிறேன்? துணி சுற்றியிருக்கிறேன், அதுவும் ஒழுங்காக இல்லை. அந்த அம்மாள் பேனாவை மூடப்போனார். மூடினால் முடிந்தது. மறுபடி அந்த ஊர், அந்தத் தாழ்ப்பாள், அந்த அம்மிக்கல்.

"ஒரு ஜட்காக்காரர்" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. டோக்கன் தொங்கியதைச் சொன்னேன். சிநேகிதி கனகத்தைத் தேடிப் போனதாகச் சொன்னேன். தாவணியைக் கிழித்ததை, முழங்காலால் அழுத்தியதை, "நக்கோ பேட்டி" என்று அவர் சொன்னதை, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதுகூட விட்டேன். அந்த அம்மாளுக்கும் கண் கலங்கியது.

அடுத்தது ஆரோக்கியமேரி. போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. அப்பா, "என்னம்மா கேட்டாங்க?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள்.

திரும்பும்போது, மறுநாள் காலையில், அப்பா டீ வாங்க ஒரு ஸ்டேஷனில் இறங்கினார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"இந்தக் கதையை இப்பத்தான் கேட்டோம், அடுத்தவங்க செஞ்சதைத் திருடிச் சொல்றியே, வெக்கமா இல்லையான்னு கேட்டாங்க."

நான் மடியில் இருந்த சான்றிதழை இன்னும் சிறிதாக மடித்தேன். 

"உண்மைன்னா யாரைத் தேடிப் போனே, பேரைச் சொல்லு, பள்ளிக்கூடத்துக்கு எழுதி விசாரிக்கிறோம்னாங்க. சொல்லல."

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உன் முப்பத்தாறு என்னாகும்? அன்னைக்கு உங்க கதவுகிட்ட நிக்கும்போது நீ இருமினது கேட்டுச்சு வேதா. அப்பாடா, நீ வீட்டுலதான் இருக்கேன்னு திரும்பிட்டேன்."

அப்பா டீயோடு வந்தார். அவள் வாங்கிக் குடித்தாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

இலவச இடம் எனக்குக் கிடைத்தது. மாட்டேன் என்று நான் எழுதிப்போட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தால் போதும், அரையணா வேலை. நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் கிழித்தேன். இதுவரை எத்தனையோ காரணம் எனக்கு நானே சொல்லியாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பயம். ஆரோக்கியமேரி அதே ஜூலையில் ரயில்வே ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவள் என்று கம்பவுண்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் கிளம்பும் நாள். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பட்டப்பகல்தான், ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா திறந்தாள். ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையில் ஆரோக்கியமேரி நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வேலைக்கு நேரமாயிற்று என்றாள்.

திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவள் என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு பித்தளை வட்டத்தை வைத்தாள். பதினேழு.

"புதுத் தலைவிகிட்ட பலகையை ஒப்படைச்சுட்டேன். உன்னுதை மட்டும் எடுத்துட்டு வந்தேன்" என்றாள். "நீதான் இனிமே வரப்போறதில்லையே. இது தொங்கிக்கிட்டிருந்தா, பாவம், ஆள் உள்ள இருக்குன்னு நம்பி யாராவது தேடிப் போவாங்க."

கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள்.